கரும்புள்ளிக்குத் தாவரச் சேர்மங்கள்: அர்புட்டினா, அதிமதுரமா, அசெலாயிக் அமிலமா?

பரு வந்து போன இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கிறது. அல்லது இரு கன்னத்திலும் மங்கு படர்ந்திருக்கிறது. கறையை வெளுக்கத் தரும் ஹைட்ரோகுவினோன் மருந்து வேண்டாம், ஸ்டீராய்டு வேண்டவே வேண்டாம், செடிகொடியிலிருந்து வரும் ஏதாவது போதும் என்று முடிவெடுத்தவர்களுக்கும் குழப்பம் தீர்வதில்லை. அர்புட்டின், கோஜிக் அமிலம், அதிமதுரச் சாறு, அசெலாயிக் அமிலம், வைட்டமின் சி, பாகுச்சியோல் என்று வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாப் புட்டியிலும் ஒரே வாக்குறுதி: தோலின் நிறமியான மெலனின் உற்பத்தியைக் குறைக்கும். குறைக்கும்தான். எவ்வளவு குறைக்கும், யாருக்குக் குறைக்கும், பதிலுக்கு என்ன தொல்லை தரும் என்பதில்தான் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் இருப்பதிலேயே வலுவான சேர்மத்தைத் தேடுவது தப்புக் கணக்கு. இந்தத் தோலில் எரிச்சல் வந்தாலே நிறமி கூடும். பருவின் அழற்சி விட்டுப்போன கறையைப் போக்கப் போய், கிரீமின் எரிச்சலால் அதே இடத்தில் புதுக் கறை வாங்கியவர்கள் ஏராளம். மூன்று மாதம் முகம் தாங்கக்கூடிய பொருள் எது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி. கீழே வரும் ஒப்பீடு முழுக்க அந்தக் கண்ணோடுதான்.

எங்கே தடுக்கிறார்கள்?

மேல்தோலின் அடி வரிசையில் மெலனோசைட் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள ஏறக்குறைய 36 தோல் செல்களுக்கு நிறமியைத் தயாரித்து அனுப்புகிறது. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து டோபாகுவினோனாக மாற்றுவது முதல் படி. அந்த வேலையைச் செய்வது டைரோசினேஸ் நொதி. அதன் மையத்தில் இரண்டு தாமிர அணுக்கள் இருக்கின்றன. அர்புட்டினும் அதிமதுரத்தில் உள்ள கிளாப்ரிடினும் இந்த நொதியின் வேலையை மறிக்கின்றன. கோஜிக் அமிலமும் மாதுளையில் உள்ள எல்லாஜிக் அமிலமும் தாமிரத்தைப் பற்றிக்கொண்டு நொதியை முடக்குகின்றன. வைட்டமின் சி, உருவான டோபாகுவினோனை ஒரு படி பின்னுக்குத் தள்ளுகிறது. சோயாவில் உள்ள சில புரதங்கள் உற்பத்தியில் தலையிடாமல், தயாரான நிறமி அடுத்த செல்லுக்குப் போவதைத் தடுக்கின்றன.

‘கோஜிக் அமிலத்தைவிட இத்தனை மடங்கு வலுவானது’ என்று விளம்பரங்களில் வரும் கணக்கு பெரும்பாலும் காளானிலிருந்து எடுத்த டைரோசினேஸில் சோதித்துக் கிடைத்தது. வாங்குவதற்கு எளிது, மலிவு. அதனால் ஆய்வகங்கள் அதையே பயன்படுத்தின. ஆனால் காளானின் நொதியும் மனித நொதியும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. அர்புட்டினுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வடிவங்கள் உண்டு. 1995-இல் வெளியான ஓர் ஆய்வில் பீட்டா அர்புட்டின் காளான் நொதி, எலியின் மெலனோமா (நிறமிச் செல் புற்று) நொதி இரண்டையும் தடுத்தது. ஆல்ஃபா அர்புட்டினோ காளான் நொதியைத் தொடவே இல்லை. எலி நொதியை மட்டும் பீட்டாவைவிடப் பத்து மடங்கு வலுவாகத் தடுத்தது. காளானை மட்டும் நம்பியிருந்தால் ஆல்ஃபாவை அன்றே குப்பையில் போட்டிருப்பார்கள். பிறகு 2018-இல் மனித டைரோசினேஸையே ஆய்வகத்தில் தயாரித்து 50,000 சேர்மங்களைச் சோதித்தபோது, கோஜிக் அமிலமும் அர்புட்டினும் அதன் முன்னால் மிகவும் பலவீனமாகவே நின்றன. ஆகவே மடங்குக் கணக்கு எழுதிய லேபிளைப் பார்த்தால் நான் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவேன். மனிதத் தோலில் தடவிப் பார்த்தார்களா, எத்தனை வாரம், எதோடு ஒப்பிட்டார்கள் என்பதே என் கேள்வி.

செடியிலிருந்து வந்தால் பத்திரமா?

ரோடோடென்ட்ராலின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பொருட்களை ஒப்பிட முடியாது. மேப்பிள் மர வகை ஒன்றின் பட்டையில் இயற்கையாக இருக்கும் ஃபீனால் அது. டைரோசினேஸைத் தடுக்கிறது என்று கண்டு, ஜப்பானில் 2008-இல் ஒப்புதல் வாங்கி முகக் கிரீம்களில் சேர்த்தார்கள். 2013 ஜூலையில் கானெபோ நிறுவனம் அந்தச் சேர்மம் கலந்த தயாரிப்புகள் அத்தனையையும் திரும்பப் பெற்றது. பயன்படுத்தியவர்கள் சுமார் 8 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினருக்கு முகம், கழுத்து, கைகளில் வெண்திட்டுகள் விழுந்தன. நொதியைத் தடுக்க வந்த பொருளையே நொதி பிடித்து வேறொரு குவினோனாக மாற்றியது. அது மெலனோசைட் செல்லுக்கே நஞ்சானது. கிரீமை நிறுத்திய பிறகு பலருக்கு நிறம் திரும்பியது. சிலருக்குத் திரும்பவில்லை.

ஒப்புதல் இருந்தது, செடிமூலம் இருந்தது, சோதனைகளும் நடந்திருந்தன. அப்படியும் இது நடந்தது. எனவே எந்தப் பொருளாக இருந்தாலும், தடவிய இடத்தில் சுற்றியுள்ள தோலைவிட வெளுத்த புள்ளி ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே நிறுத்த வேண்டும். ‘வேலை செய்கிறது’ என்று மகிழ்ந்து தொடரக் கூடாது.

அர்புட்டின்

பேர்பெர்ரி என்ற குளிர்நாட்டுப் புதர்ச்செடியின் இலையிலும், பேரிக்காயிலும் இருக்கிறது. உடைத்துச் சொன்னால், ஹைட்ரோகுவினோன் மூலக்கூறின் முதுகில் ஒரு குளுக்கோஸ் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த குளுக்கோஸ் இருப்பதால்தான் ஹைட்ரோகுவினோனைவிடச் சாது. கழன்றால்? தோலின் மேல் இயல்பாக வாழும் சில பாக்டீரியாக்களால் அதைக் கழற்ற முடியும். வெப்பமும் அமிலத்தன்மையும் கழற்றும். ஹைட்ரோகுவினோனே வேண்டாம் என்று ஓடி வந்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இந்தக் காரணத்தால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் வரம்பு வகுத்தது: ஆல்ஃபா அர்புட்டின் முகக் கிரீமில் 2 சதவீதம், உடலில் பூசும் லோஷனில் 0.5 சதவீதம், பீட்டா அர்புட்டின் முகக் கிரீமில் 7 சதவீதம். இதற்கு மேல் போட்டிருக்கிறோம் என்று பெருமையடிக்கும் புட்டியை வாங்கத் தேவையில்லை. ஆல்ஃபா வடிவம் நிலையானது. அது பெரும்பாலும் ஆலையில் நொதி கொண்டு செய்யப்படுவது. செடியைப் பிழிந்து எடுப்பதில்லை. ‘தாவர அர்புட்டின்’ என்ற எழுத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

பலன் மிதமானது, எரிச்சல் குறைவு. கற்றாழையில் உள்ள அலோயெசின் என்ற சேர்மத்தோடு சேரும்போது இது கொஞ்சம் எழுந்து நிற்கிறது. 2002-இல் வெளியான ஆய்வில், புற ஊதாக் கதிர் பட்ட முன்கைத் தோலில் நிறம் ஏறுவதை அலோயெசின் மட்டும் 34 சதவீதமும் அர்புட்டின் மட்டும் 43.5 சதவீதமும் இரண்டும் சேர்ந்து 63.3 சதவீதமும் தடுத்தன. இருவேறு வழிகளில் தடுப்பவை கூடும்போது பலன் கூடுகிறது. ஆனால் இது புதிதாக ஏறும் நிறத்தைத் தடுத்த கணக்கு. வருஷக்கணக்கில் உறைந்த மங்குக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. கற்றாழை மடலை வெட்டி அப்படியே தடவினாலும் இந்தக் கணக்கு வராது: அலோயெசின் பிரித்தெடுத்த பொருளாகப் பயன்படுத்தப்பட்டது.

அசெலாயிக் அமிலம்

எனக்குப் பிடித்தது இதுதான், காரணம் இருக்கிறது. கோதுமை, பார்லி தானியங்களில் இருக்கும் அமிலம். ஆனால் இதன் குணம் தெரியவந்தது தேமல் வழியாக. தேமல் பூஞ்சை படர்ந்த இடம் ஏன் வெளுக்கிறது என்று 1970-களில் தேடியபோது, அந்தப் பூஞ்சை உருவாக்கும் அமிலங்களில் ஒன்றாக இது சிக்கியது. இன்று தொழிற்சாலையில் ஓலியிக் அமிலத்திலிருந்து செய்கிறார்கள். செடிமூலம் என்று சான்றிதழ் கேட்பவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இதன் பெரிய பலம், அளவுக்கு மீறி வேலை செய்யும் மெலனோசைட்டுகளையே இது குறிவைப்பது. இயல்பான தோலின் நிறத்தில் பெரிதாகக் கைவைப்பதில்லை. அதனால் கறையைச் சுற்றி வெளுத்த வட்டம் விழும் தொல்லை குறைவு. மங்குக்கு 20 சதவீத கிரீமை 24 வாரம் தடவிய ஒப்பீட்டில், 4 சதவீத ஹைட்ரோகுவினோனுக்கு ஏறக்குறைய ஈடாக நின்றது. பருவையும் குறைக்கும். பரு புதிதாக வந்துகொண்டே இருக்கும்போது பழைய கறையை மட்டும் துடைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல. இது ஓட்டையையும் சேர்த்து அடைக்கும்.

குறையும் சொல்ல வேண்டும். முதல் சில வாரங்களில் தடவியதும் சுருக்கென்று அரிக்கும், சிலருக்குக் காந்தும். கிரீம் கெட்டியாக இருக்கும்; அது காயுமுன் மேலே சன்ஸ்கிரீன் போட்டால் திரிதிரியாக உருண்டு வரும். பட்டாணி அளவு எடுத்து, ஈரமில்லாத முகத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் ஆரம்பித்தால் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். 15, 20 சதவீத வடிவங்கள் பல நாடுகளில் மருந்துச்சீட்டு கேட்பவை. 10 சதவீதம் அழகுப்பொருளாகக் கிடைக்கிறது.

அதிமதுரம்

வேரில் உள்ள கிளாப்ரிடின் டைரோசினேஸைத் தடுக்கிறது, அழற்சியையும் தணிக்கிறது. எரிச்சல்பட்டால் கறுக்கும் தோலுக்கு இதைவிடப் பொருத்தமான குணச்சேர்க்கை கிடையாது. இன்னொரு சேர்மம் லிக்விரிட்டின். அது திரண்டிருக்கும் நிறமியைக் கலைத்துவிடுகிறது. 20 சதவீத லிக்விரிட்டின் கிரீமை மங்குக்கு நான்கு வாரம் தடவிய எகிப்திய ஆய்வு 2000-இல் வந்தது. பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த அளவு லிக்விரிட்டின் உள்ள கிரீமைக் கடையில் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும்.

சிக்கல் அங்கேதான். வேரில் கிளாப்ரிடின் இருப்பதே மிகச் சொற்பம்; பிரித்தெடுக்கச் செலவு அதிகம். லேபிளில் ‘அதிமதுரச் சாறு’ என்று இருந்தால் அதற்குள் எவ்வளவு கிளாப்ரிடின் என்று வெளியே தெரியாது. சில புட்டிகளில் அதிமதுரப் படம் பெரிதாக இருக்கும். உள்ளே இருப்பதோ டைபொட்டாசியம் கிளைசிரைசினேட். அதுவும் அதே வேரிலிருந்து வருவதுதான், எரிச்சலை நன்றாகத் தணிக்கும். நிறமிக்கு அதை நம்பி வாங்கினால் வீண். பொருட்பட்டியலில் கிளாப்ரிடின் என்றே பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வேரைப் பொடித்துக் குழைத்துப் பூசுவதும் இப்படித்தான்: கிளாப்ரிடின் நீரில் கரைவதே அரிது.

தனியாக இதை முதன்மைச் சிகிச்சையாக நான் பரிந்துரைக்க மாட்டேன். அசெலாயிக் அமிலத்துக்கோ வைட்டமின் சி-க்கோ துணையாக, அந்த எரிச்சலை வாங்கிக்கொள்ளும் ஆளாக இது அருமை.

கோஜிக் அமிலம், வைட்டமின் சி

கோஜிக் அமிலத்தைத் தாவரப் பட்டியலில் சேர்ப்பதே சலுகைதான். 1907-இல் ஜப்பானில், அரிசியைப் புளிக்கவைக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையிலிருந்து கண்டெடுத்தது. வேலை செய்யும். கூடவே தொடு ஒவ்வாமையும் தரும். இந்தக் கூட்டத்தில் அந்தப் புகார் அதிகம் வருவது இதன்மேல்தான். ஐரோப்பிய வரம்பு முகத்துக்கும் கைகளுக்கும் 1 சதவீதம். காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பாகிவிடும். கோஜிக் சோப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: ஒரு நிமிஷத்தில் கழுவிவிடும் பொருள் தோலின் அடி வரிசைவரை போய் என்ன செய்துவிடப் போகிறது?

வைட்டமின் சி-க்கு நேரடி ஒப்பீடு ஒன்று இருக்கிறது. 2004-இல் வெளியான ஆய்வில், மங்கு உள்ள 16 பெண்களின் முகத்தில் ஒரு பக்கம் 5 சதவீத அஸ்கார்பிக் அமிலமும் மறுபக்கம் 4 சதவீத ஹைட்ரோகுவினோனும் 16 வாரம் தடவினார்கள். நல்ல பலன் என்று சொன்னவர்கள் ஹைட்ரோகுவினோன் பக்கத்தில் 93 சதவீதம், அஸ்கார்பிக் பக்கத்தில் 62.5 சதவீதம். எரிச்சல் முதலான பக்க விளைவுகள்? ஹைட்ரோகுவினோனுக்கு 68.7 சதவீதம், அஸ்கார்பிக்குக்கு 6.2 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனாலும் இந்த நான்கு எண்களில் நீங்கள் எதற்கு மதிப்புக் கொடுப்பீர்கள் என்று யோசித்தாலே பாதி முடிவு வந்துவிடும். நான் கடைசி எண்ணின் பக்கம்.

வைட்டமின் சி-யின் எதிரி புட்டிதான். தூய அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் இறங்க, சீரத்தின் pH அளவு 3.5-க்குக் கீழே, அதாவது நல்ல அமிலமாக, இருக்க வேண்டும். அந்த நிலையிலும் காற்றுப் பட்டால் கெடும். வாங்கும்போது தண்ணீர் போலவோ வெளிர் வைக்கோல் நிறத்திலோ இருக்கும் சீரம் தேன் நிறத்துக்குப் போனால் வலு இறங்கிவிட்டது. பழுப்பாகிவிட்டால் தூக்கிப் போடுங்கள். விலை அதிகம் என்று சிக்கனமாகத் தொட்டுத் தொட்டுப் பல மாதம் வைத்திருப்பவர்கள் கடைசியில் தடவுவது கெட்டுப்போன சர்க்கரைத் துணுக்குகளைத்தான். சின்னப் புட்டி, அடர் நிறக் கண்ணாடி, சீக்கிரம் தீர்த்தல்.

மற்றவை

பாகுச்சியோல் கார்போகி விதையில் இருப்பது. 0.5 சதவீத பாகுச்சியோலை வைட்டமின் ஏ வகையான ரெட்டினாலோடு (அதுவும் 0.5 சதவீதம்) 12 வாரம் ஒப்பிட்டார்கள். சுருக்கமும் நிறமியும் இரண்டிலும் குறைந்தன. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ரெட்டினால் தடவியவர்களுக்குத்தான் தோல் உரிந்தது அதிகம். வேடிக்கை என்னவென்றால், அதே விதையில் சோராலினும் இருக்கிறது. அது வெயிலோடு சேர்ந்து நிறமியைக் கூட்டும் பொருள், வெண்புள்ளி சிகிச்சையில் பயன்படுவது. ஒரே விதைக்குள் நிறத்தை ஏற்றுவதும் இறக்குவதும். ஆகவே சுத்திகரித்த பாகுச்சியோல் வேறு, விதை எண்ணெய் வேறு. கரும்புள்ளிக்கு விதை எண்ணெய் பக்கம் போகவே வேண்டாம்.

சோயாப் புரதங்கள் நல்ல யோசனை. ஆனால் சூடாக்கினால் செயலிழந்துவிடும், காய்ச்சிய சோயாப் பாலுக்கு அந்தக் குணம் இல்லை. மல்பெரிச் சாற்றுக்கு மங்கில் கிடைத்த பலன் சுமார். ஆர்ட்டோகார்பஸ் லகூச்சா மரத்தின் வைரத்திலிருந்து (கெட்டியான நடுக்கட்டை) எடுத்த சாறு தாய்லாந்தில் 2006-இல் வந்த ஆய்வில் அசத்தியது: 0.25 சதவீதமே நான்கு வாரத்தில் நிறத்தைக் குறைத்தது. 3 சதவீத கோஜிக்குக்கு ஆறு வாரமும் 0.25 சதவீத அதிமதுரத்துக்குப் பத்து வாரமும் ஆயின. கறையில்லாத மேல் கைத் தோலில் பார்த்தது அது. மங்குக்கு இப்படி ஒரு ஆய்வு வந்தால் நான் கட்சி மாறக்கூடும்.

யாருக்கு எது

பருவும் கறையும் கலந்திருந்தால் அசெலாயிக் அமிலம். மறு யோசனை வேண்டாம். கர்ப்ப காலத்திலும் மருத்துவர்கள் பொதுவாக இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஹைட்ரோகுவினோன் தோல் வழியே கணிசமாக உடலுக்குள் போகக்கூடியது என்பதால் அதை அந்தக் காலத்தில் ஒதுக்குவார்கள். அர்புட்டினையும் அதே காரணத்தால் நான் ஒதுக்குவேன். அப்போது படரும் மங்கு பிரசவத்துக்குப் பிறகு தானாகவே மங்கிப்போவதும் உண்டு.

எதைத் தொட்டாலும் சிவக்கும் முகத்துக்கு கிளாப்ரிடின் பெயர் சொல்லும் கிரீம். அதோடு வைட்டமின் பி3 வகையான நியாசினமைடு சேர்த்தால் இன்னும் நல்லது. நியாசினமைடு செடிச் சரக்கு இல்லைதான், அதனால் என்ன? வெயிலால் வந்த மேலோட்டமான கருமைக்குக் காலையில் வைட்டமின் சி, இரவில் ஆல்ஃபா அர்புட்டின் போதும். பழைய மங்குக்கு மேலே சொன்ன எதுவும் தனியாக நின்று ஜெயிக்காது, நிறுத்தினால் திரும்பியும் வரும். அதைத் தோல் மருத்துவரோடு சேர்ந்துதான் கையாள வேண்டும். கறை சாம்பல் நீலமாகத் தெரிந்தால் நிறமி உள்தோலுக்கு இறங்கிவிட்டது. உற்பத்தியைத் தடுக்கும் பொருளுக்கு அங்கே வேலை இல்லை.

பிறவி நிறத்தையே இரண்டு படி வெளுக்க வைக்க எது நல்லது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பாதுகாப்பான தாவரச் சேர்மம் எதுவும் அதைச் செய்வதில்லை. ‘மூலிகை’ என்று எழுதிய கிரீம் ஒரே வாரத்தில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கினால், உள்ளே பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்க வாய்ப்பு அதிகம். பாதரசம் டைரோசினேஸை முடக்கும், சிறுநீரகத்தையும் சேர்த்து.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒரே புதுப் பொருள். நான்கைந்து இரவுகள் காதின் பின்னால் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டு வாருங்கள். மேல்தோல் புதுப்பித்துக்கொள்ளவே நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். 12 வாரத்துக்கு முன் தீர்ப்பு எழுத வேண்டாம். அதே ஜன்னல் வெளிச்சத்தில் மாதம் ஒரு படம் எடுத்து வைத்தால் கண்ணை ஏமாற்றாது.

வெயில் பட்டால் இது அத்தனையும் விழல். சாதாரண சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரை மட்டுமே தடுக்கிறது. மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே நிறமியைத் தூண்டும். மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, லேசான தோல்நிறம் கொண்ட சன்ஸ்கிரீனை வாங்குவது நல்லது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெளியே போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதிலுள்ள ஃபுரானோகூமரின் என்ற சேர்மங்கள் வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுட்டு, கறுப்புத் தழும்பை விட்டுப் போகும்.

அளவோ வடிவமோ மாறிக்கொண்டே வரும் மச்சம், ரத்தம் கசியும் புள்ளி, ஓரம் ஒழுங்கற்ற கரும்படை இருந்தால் அவற்றின் மேல் இதில் எதையும் தடவாதீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். கிரீம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.